பூவாயியைப் போகச் சொல்ல ஆளில்லை

2005ஆம் வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு நாடகப் பட்டறை நடந்தது. கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய விடுதியைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்து, எங்கெங்கிருந்தோ வந்த நாடகக்காரர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒத்திகையும் பேச்சுமாக இருந்தார்கள். ஆறாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், அங்கே போயிருந்த ஜெபா எனக்குப் போன் செய்தாள்.

"சார், நான் செய்யற வேலைக்கு ஒரு பேரு கீதாம் சார். டிராமடர்ஜியாம்."

"என்னம்மா, வியாதி பேர் மாதிரி இருக்கு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நாடகம் எழுதறவரு ஒருத்தரு, நடத்தறவரு ஒருத்தரு. அவங்க பக்கத்துல குந்திகினு, இது இன்னா, அது ஏன், இவரு எங்க போனாருன்னு கேக்கறதுக்குன்னே ஒரு ஆள் வெப்பாங்களாம். வெளிநாட்ல அதுக்குப் படிப்பே கீதாம் சார்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் எனக்குச் செய்ததும் இதுதான். அப்போது அதற்கு நான் வைத்த பெயர் வாய்க்கொழுப்பு. அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தக் காலத்தில் அவளை அதிகமாகத் திட்டியவன் நான்தான்.

என் பெயர் பாலசுப்ரமணியன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்பாக்கத்தில் அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை, டவுன்ஷிப்பில் வீடு, மனைவி பிரபாவதி, இரண்டு பிள்ளைகள், தலையில் நாடகப் பைத்தியம். வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதி, நானே இயக்கி, செங்கல்பட்டில் பொங்கல் கழிந்து நடக்கும் போட்டிக்குக் கொண்டுபோவேன். ஒன்பது வருஷம் போனேன். ஒன்பது வருஷமும் மூன்றாம் காட்சியில் ஜனம் எழுந்து டீ குடிக்கப் போனது. முதல் காட்சிக்குச் சிரிப்பார்கள், இரண்டாவதற்குக் கை தட்டுவார்கள், மூன்றாவதில் நாற்காலி தேய்கிற சத்தம் கேட்கும். மேடைக்குப் பக்கத்தில் மறைந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பவனுக்குத்தான் அதன் வலி தெரியும். பரிசு வேண்டாம், கோப்பை வேண்டாம், ஒரே ஒரு தடவை கடைசி வரை உட்கார்ந்து பாருங்களய்யா என்பதுதான் என் ஆசை. பத்தாவது நாடகத்துக்கும் ஆகாவிட்டால் இந்தத் தொழிலை விட்டுவிடுவது என்று பிரபாவதியிடம் சத்தியமே செய்திருந்தேன். அவள் அந்தச் சத்தியத்தை ரொம்ப நம்பினாள்.

அந்தப் பத்தாவது நாடகம் 'தெற்கு அறை'. அப்பா இறந்தபின் அவர் படுத்திருந்த அறை யாருக்கு என்று மூன்று அண்ணன் தம்பிகள் சண்டை போடுகிற கதை. 1998 ஆகஸ்டில் எழுதி முடித்தேன். என் கையெழுத்தைப் படிக்கிற ஒரே டைப்பிஸ்ட் என்று யாரோ ஜெபாவைக் காட்டினார்கள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. புதுப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். வயல்கள் குறைந்த பிறகு அப்பா தோட்ட வேலைக்கு வந்துவிட்டார், அண்ணன் ஆல்வின் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிப்பது ஜெபாதான், குரல் கணீரென்று இருக்கும். பிளஸ் டூ, டைப்ரைட்டிங். கட்டட வேலை எடுத்திருந்த ஒரு ஒப்பந்தக்காரரிடம் டோக்கன் ரூமில் வேலை.

அந்த டோக்கன் ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைத்தளத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் ஜன்னலில் எண் போட்ட பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெபாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். சாயங்காலம் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒரு மனிதர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். தூங்குகிறாரோ, எங்காவது விழுந்து கிடக்கிறாரோ தெரியாது. அவர் வருகிற வரை ஜன்னலை மூடக் கூடாது. இதை அவள் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

டைப் அடித்துக் கொடுத்தவளையே ஒத்திகைக்கும் கூப்பிட்டேன். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள் மாற்றலாகிப் போயிருந்தார். ஷிப்ட் முடிந்து ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கைவேலை அறையில் கூடுவோம். அவள் சைக்கிளில் வந்து ஓரமாக ஸ்டூல் போட்டு உட்காருவாள். மூன்றாவது நாளே வம்பு ஆரம்பித்தது.

எங்கள் கதாநாயகன் அருணகிரி. பெரியண்ணனாக நடிப்பவர். அலுவலகத்தில் எனக்கு இரண்டு படி மேலே, மேடையில் அழுவதில் மன்னன். அவர் ஒரு பக்க வசனத்தைப் பேசி முடித்துக் கைக்குட்டையை எடுக்கிறார், ஸ்டூலிலிருந்து குரல் வருகிறது.

"சார், நேத்து 'உன்ன நம்பினேன்டா'ன்ற எடத்துல அழுதீங்க. இன்னிக்கு 'நம்பினேன்டா' முடிஞ்சி, அப்பா போட்டோவப் பாத்து அழுவறீங்க. எது சார் சரி?"

அருணகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். நாடகம் என்பது உணர்ச்சி, சாமான் லிஸ்ட் இல்லை என்றேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"தப்பா கேட்டனா சார், இல்ல கேட்டதே தப்பா?"

எல்லார் முன்னாலும் கேட்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை ஸ்டாஃப் பஸ்ஸுக்கு நிற்கிறேன், சைக்கிளோடு வந்தாள். ஒரு காகிதத்தை நீட்டினாள். முதல் நாள் ஒத்திகையில் பார்த்ததை எழுதியிருந்தாள். பார்த்தது மட்டும், நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது என்று ஒரு சொல் கிடையாது. 'தம்பி பம்பாயிலிருந்து வருகிறார். கையில் பெட்டி இல்லை.' 'கடிதம் வந்தது. படித்தார்கள். கடிதம் எங்கே போனது?' 'பெரியண்ணன், உன் கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். அப்போது ஃபேனைப் பார்த்தார்.' பஸ்ஸில் அதைப் படித்து எனக்கு எரிச்சல் மண்டியது. ஆனால் ஃபேன் விஷயத்தில் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார்.

அதன்பின் தினம் ஒரு காகிதம். பஸ் நிறுத்தத்தில் வாங்குவேன், பஸ்ஸில் திட்டுவேன், சாயங்காலம் ஒத்திகைக்கு முன் சத்தமில்லாமல் திருத்துவேன். தம்பிக்குப் பெட்டி வந்தது. கடிதம் அம்மா படத்துக்குப் பின்னால் போனது. யாருக்கும் தெரியாமல் நாடகம் இறுகிக்கொண்டு வந்தது. அவள் பிரதியையும் வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் தம்பியின் வசனங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பாள், மற்றவர்கள் பேசுவதே தெரியாத மாதிரி. இன்னொரு நாள் யாரும் பேசாத இடங்களை மட்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல சார். ஒரு ஆளப் பத்தித் தெரியணும்னா அந்த ஆள் பின்னாடியே போவணும் இல்ல" என்றாள்.

ஒரே ஒரு முறை அவளே ஒரு வசனம் எழுதிக் கொடுத்தாள். எனக்குப் பிடித்தது, சேர்த்துவிட்டேன். நாலு நாள் கழித்து வந்து எடுத்துவிடச் சொன்னாள். "அது நான் பேசற பேச்சு சார். உங்க நாடகத்துல ஒட்டாம தனியா நிக்குது. நான் இனிமே கேக்க மட்டும் செய்யறேன், நீங்க எழுதுங்க." நான் எழுதிய ஒரு வரியை யாராவது எடுக்கச் சொன்னால் நாலு நாள் சாப்பிட மாட்டேன். தன் வரியைத் தானே பிடுங்கிப் போட்ட இந்தப் பெண்ணைப் பார்த்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு லேசாகப் பயம் வந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் ஒத்திகைக்கு அவள் ஒரு பலகையோடு வந்தாள். ஆல்வின் அறுத்துக் கொடுத்தது. ஏழு ஆணிகள், ஏழு அட்டை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தின் பெயர். பிரதிப்படி ஒரு பாத்திரம் மேடைக்கு வந்தால் வில்லையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வெளியே போனால் ஆணியில் மாட்டுவாள். மூன்று காட்சிகளும் ஓடி முடிந்தன. எல்லாரும் டிபன் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அவள் மட்டும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன ஜெபா?"

மடியிலிருந்த ஒரு வில்லையைக் காட்டினாள். பூவாயி.

பூவாயி என்பது என் நாடகத்தில் வேலைக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வசுமதி நடித்தாள். முதல் காட்சியில் அருணகிரி நீளமாகப் பேச வேண்டும், கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது, பிடித்துக்கொள்ள ஒரு காப்பி டம்ளர் வேண்டும், அதைக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் பூவாயி. 'பூவாயி காப்பி கொண்டுவருகிறாள்' என்று எழுதினேன். அவள் போவதாக எங்கும் எழுதவில்லை. அதனால் வசுமதி பாட்டுக்குத் துடைப்பாள், பெருக்குவாள், விளக்கு மங்கினால் நழுவிவிடுவாள், மறுபடி வருவாள். யாரும் கவனித்ததில்லை.

"நீங்க எழுதினதுல இவங்க ஒரே ஒரு வாட்டிதான் உள்ள வராங்க சார். எப்பப் போறாங்க?"

"போயிருப்பாம்மா. வேலை முடிஞ்சா போறா. இதெல்லாம் ஒரு விஷயமா?"

"டோக்கன் வரலயே சார்." சிரிக்காமல் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வூட்ல வேலை செய்யறவங்க எத்தினி மணிக்குப் போவாங்க சார்?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் செங்கம்மாள் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். என் பெரிய பிள்ளை அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவள் எத்தனை மணிக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டேன். பிரபாவதியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். செங்கம்மாள் சாயங்கால வேலைக்கு மூன்று மணிக்கு வந்தாள். பாத்திரம் தேய்த்தாள், துணி அலசினாள், பின்கட்டைக் கழுவிவிட்டாள். நாலு பத்துக்குக் கை கால் கழுவி, இடுப்பில் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டு, பின்வாசல் கதவுப் பக்கம் வந்து நின்றாள். போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. பிரபாவதி உள் அறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். செங்கம்மாள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். ஒருதரம் தொண்டையைச் செருமினாள். நாலே முக்காலுக்குப் பிரபாவதி காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள் அவளைப் பார்த்துவிட்டு, "இன்னும் போகலையா நீ?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டுப் போலாம்னுதாம்மா."

"சரி, போ."

போனாள். முப்பத்தைந்து நிமிஷம். பேப்பருக்குப் பின்னால் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று. என் மனைவி கல்நெஞ்சக்காரி இல்லை. பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாள், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவாள். நானும் கெட்டவன் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் நானே போய், "செங்கம்மா, வேலை முடிஞ்சா நீ போகலாம், நிக்க வேண்டாம்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா சார், வேற ஆளு பாத்துட்டீங்களா? இன்னா தப்பு செஞ்சேன்?"

அவளைத் தேற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் ஜெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சைக்கிள் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்கம்மா வயல்ல நடவு நடுவாங்க சார். நட்டு முடிஞ்சாலும் சேத்துலயேதான் நிப்பாங்க. நெலத்துக்காரரு 'கரையேறு'ன்னு சொன்னாத்தான் ஏறணும். அவரு பேசிகினு இருந்தாருன்னா மழையானாலும் நிக்கணும்."

"இது தெரிஞ்சுதான் என்னைக் கேட்டியா?"

"இல்ல சார். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன், சொல்லியிருப்பேன். டோக்கன் வரல, அதான் கேட்டேன்."

ஒன்பது வருஷமாக நான் உணர்ச்சி உணர்ச்சி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் ஒரு காலி ஆணியைப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் தன் அம்மா நின்ற சேற்றுக்கும் ஒரே கேள்வியில் போய்விட்டாள். அதுவும் தெரியாமல். பஸ் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை.

மூன்றாம் காட்சியை மூன்று நாளில் மாற்றி எழுதினேன். ஒரு வசனத்தைக்கூடத் தொடவில்லை. அண்ணன் தம்பிகள் அதே சண்டையைத்தான் போடுகிறார்கள். பூவாயி வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நிற்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக உள்ளே போய்விட, அவள் நின்றுகொண்டிருக்கும்போதே விளக்கு அணைகிறது. புதிதாக எழுதியது அவ்வளவுதான்.

அருணகிரி கொதித்துவிட்டார். "நான் பதினோரு நிமிஷம் உருகி உருகிப் பேசறேன். வசுமதி சும்மா நிக்கறா. எல்லாரும் அவளைத்தான் பார்ப்பாங்க. வேற ஆளைப் பார்த்துக்குங்க பாலு." பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவர் போனால் நாடகம் இல்லை. நான் கெஞ்சுவதற்கு வாயெடுத்தேன், ஜெபா என்னை முந்திக்கொண்டாள். ஆனால் இந்த முறை அவர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய், தாழ்ந்த குரலில் கேட்டாள். அறைக்குள்ளிருந்து எனக்கு அது கேட்டது.

"சார், ஒண்ணே ஒண்ணு. அந்தம்மா அங்க நிக்கறது பெரியண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பையை இறக்கி வைத்து, நேராக அவளிடம் போனார்.

"தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அப்படித்தான் பண்ணப்போறேன்."

அன்றைய ஒத்திகையில் அவர் அழவே இல்லை. பேசும்போது ஒரு தடவை கண் பின்வாசலுக்குப் போய் வந்தது. அந்த ஒரு பார்வையில் பெரியண்ணன் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவரை எழுதியவன் நான். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, திருத்தவில்லை, இப்படி நடியுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தாள். இதை எங்கே போய்ப் படிப்பது? எட்டு வருஷம் கழித்து அவள் சென்னைக் குழுக்களோடு வேலை செய்தபோது ஒரு பிரபலமான இயக்குநர் என்னிடம், ஜெபா அறையில் இருந்தால் நடிகர்களே தங்களைக் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள் என்றார். எனக்குப் புதிதாக இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருப்தி வரவில்லை. போட்டிக்கு முந்தின நாள் கொடுத்த காகிதத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: 'முடிவு. பூவாயி நிற்கிறாள், விளக்கு அணைகிறது. சரியா? தெரியவில்லை.'

1999, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்யாண மண்டபம். பிற்பகல் மூன்றரை மணிக்கு எங்கள் முறை. முந்நூறு பேர் இருக்கும். முன்வரிசைகளில் பெண்கள், பின்னால் ரயில்வே ஆட்கள், கடைக்காரர்கள், காக்கிச் சட்டையோடு வந்துவிட்ட டிரைவர்கள். கதவு திறந்தே இருந்தது, எதிரிலேயே டீக்கடை.

முதல் காட்சிக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்குக் கை தட்டினார்கள். மூன்றாவது ஆரம்பித்தது. நான் பக்க மறைவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஜெபா எனக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றாள்.

வசுமதி கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். முதலில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மூன்று நிமிஷம் ஆனது. ஒரு நாற்காலி தேய்ந்தது. எழுந்த ஆள் திரும்பி மேடையைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளின் தொடையைத் தட்டிப் பின்வாசலைக் காட்டினாள். அங்கிருந்து அது மெல்லப் பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தலையாக அருணகிரியிடமிருந்து நகர்ந்து வசுமதி பக்கம் போனது. வசுமதி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். ரயில் போகிற சத்தம் கேட்டது.

தம்பிகள் உள்ளே போனார்கள். மேடையில் பெரியண்ணனும் பூவாயியும் மட்டும். அருணகிரி தெற்கு அறையின் கதவை நோக்கி நடந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"யோவ், இன்னாய்யா நீங்க. அந்தம்மாவ வூட்டுக்குப் போவச் சொல்லுங்கய்யா. எந்நேரமா நின்னுகினு கீது."

டிரைவர்களில் ஒரு காக்கிச் சட்டைக்காரர். எழுந்து நின்றிருந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர், "சொல்லுப்பா", "ஒரு வார்த்த சொன்னா இன்னா". வசுமதி முகத்தைத் தூக்கி அந்தக் குரல்கள் வந்த பக்கம் பார்த்தாள். நன்றி சொல்கிற மாதிரி தலையை லேசாக அசைத்தாள். ஆனால் நகரவில்லை, மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, "அவர் அந்த வீட்டு ஆள் இல்லையே சார்" என்றாள்.

அருணகிரி கதவருகில் நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பூவாயியைப் பார்த்தார். உதடு பிரிந்தது. பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மேடை விளக்கு அணைந்தது. திரை விழ வேண்டும், விழவில்லை. திரை இழுக்கிற ஆள் கயிற்றைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். யாரோ மண்டபத்து விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் வசுமதி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். யாரும் கை தட்டவில்லை. ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருஷமாக நான் ஏங்கியது கண் முன்னால் இருந்தது, முந்நூறு பேர் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதை எப்படி முடித்து வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"திரையை இழுக்கச் சொல்லு ஜெபா."

அவள் தலையை ஆட்டினாள். "திரை போட்டா அவங்க உள்ளயே இருப்பாங்க சார்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நீங்க போய்ச் சொல்லுங்க சார்."

"நான் எப்படிப் போறது? நடிகர் பட்டியல்ல பேர் இல்லாதவன் மேடை ஏறினா போட்டியிலிருந்தே எடுத்துடுவாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒத்திகையில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"வேற யாரு சார் சொல்ல முடியும்? நீங்கதான ஒரு காப்பிக்கோசரம் உள்ள கூட்டியாந்தீங்க?"

நான் மேடைக்கு வந்தேன். கசங்கின சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை. நடுவர்கள் மேஜையில் ஒருவர் பேனாவை எடுப்பது தெரிந்தது. வசுமதிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். 'போ' என்பதுதான் நாக்கில் முதலில் வந்தது, விழுங்கினேன். முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

"நேரமாயிடுச்சும்மா. போயிட்டு வாங்க" என்றேன்.

"வரேங்க" என்றாள். அவளுக்கு அந்த நாடகத்தில் அது ஒன்றுதான் வசனம், அதையும் நான் எழுதவில்லை. மேடையின் முன்படிகளில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். முன்வரிசைப் பெண்கள் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். காக்கிச் சட்டைக்காரர் வாசல் வரை கூடவே போனார். அவள் வெயிலில் இறங்கி மறைந்த பிறகுதான் மண்டபம் மூச்சு விட்டது, நாற்காலிகள் தேய்ந்தன, ஜனம் எழுந்தது.

நான் மட்டும் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போவது, யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை. பக்க மறைவிலிருந்து ஜெபா, "நீங்களும் வாங்க சார்" என்று சொன்ன பிறகுதான் என் கால் நகர்ந்தது.